கொரியன் பன்றி விலா: வெளியில கரி, உள்ள டயர். எங்க தப்பு பண்ணேன்?

மாடிவீட்டு அடுப்பு (கோவை), சனி இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஒன்றரைக் கிலோ பன்றி விலாவை வீணாக்கிட்டு உக்காந்திருக்கேன். ஆறுதலும் வேணும், வழியும் வேணும்.

பையன் ஒரு மாசமா கொரியன் தொடர் பாத்துட்டு, "மேசை நடுவுல அடுப்பு வச்சு எலும்போட சுட்டுச் சாப்பிடுறாங்களே, அது வேணும்"னு ஒரே பிடிவாதம். சரின்னு கொச்சுஜாங் (கொரிய மிளகாய் விழுது) ஒரு டப்பா வரவழைச்சேன். நாலு மேசைக்கரண்டி கொச்சுஜாங், அரை டம்ளர் சோயா சாஸ், ஒரு கைப்பிடி நாட்டுச்சர்க்கரை, தேன், பூண்டு, இஞ்சி. விலாவை முழுத் துண்டாவே வச்சு இதைத் தடவி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ்ல வச்சேன். இன்னிக்கு மத்தியானம் ஓடிஜி அடுப்புல 220 டிகிரி, 40 நிமிஷம்னு வச்சாச்சு.

பதினஞ்சாவது நிமிஷமே புகை. மேல்வீட்டம்மா படியிறங்கி வந்து "வயர் ஏதாச்சும் கருகுதுங்களா?"னு கேட்டாங்க. எடுத்துப் பாத்தா வெளியில அடுப்புக்கரி. நறுக்குனா உள்ள பல்லு இறங்கல, அதுலயும் எலும்பை ஒட்டுன எடத்துல இளஞ்சிவப்பு. பையன் ஒரு வாய் மென்னான், மரியாதைக்கு முழுங்குனான், தயிர்சாதம் இருக்கான்னு கேட்டான்.

சூடு அதிகமா? நேரம் பத்தலையா? ரெண்டும் ஒண்ணா எப்படிங்க நடக்கும்?

எண்ணெய்ச்சட்டி (திண்டுக்கல்), சனி இரவு 10.58

ஒன்றரைக் கிலோவா! ஐயோ சாமி. சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை, குக்கர்ல நாலு விசில், அப்புறம் இரும்புச்சட்டியில பிரட்டுனா ஊரே மணக்கும். பையன் டிவியில எதைப் பாத்தாலும் செஞ்சு குடுப்பீங்களா? நாளைக்கு ஆக்டோபஸ் கேப்பான்.

தோபாயோ அத்தை (சிங்கப்பூர்), சனி இரவு 11.15

தம்பி, மனசைத் தளர விடாதே. விலாவை நேரா அடுப்புல போட்டதுதான் தப்பு. முதல்ல வேகணும், அப்புறந்தான் நிறம்.

நான் செய்யுறது இப்படி. விலாவை ஒரு மணி நேரம் பச்சைத் தண்ணியில ஊறவச்சு ரத்தத்தை எடுத்துடுவேன், நடுவுல ரெண்டு தடவை தண்ணி மாத்தணும். அப்புறம் இஞ்சி, வெங்காயத்தாள், பத்து மிளகு போட்டுக் கொதிக்கிற தண்ணியில சின்ன தீயில 45 நிமிஷம். குமிழி மெல்ல வரணும், தளதளன்னு கொதிக்கக் கூடாது. எடுத்து ஆறவச்சு சாஸ் தடவி 200 டிகிரி அடுப்புல பத்து பன்னெண்டு நிமிஷம், நடுவுல ஒரு தடவை திருப்பி மறுபடி தடவணும். எலும்பைப் பிடிச்சு இழுத்தா கறி கழண்டு வரும். இருபது வருஷமா இதுதான், ஒரு நாளும் ஏமாந்தது இல்ல.

வேகவச்ச தண்ணியைக் கொட்டிடாதே. அதுல முள்ளங்கி போட்டு சூப்.

சூவோன் குளிர் (தென்கொரியா), ஞாயிறு காலை 7.20

அத்தை சொல்ற முறையில கறி பஞ்சு மாதிரி வரும், மறுக்கல. ஆனா அண்ணாவோட பையன் டிவியில பாத்தது அது இல்ல. அங்கதான் மொத்தச் சிக்கலும்.

நான் சூவோன்ல ஆறு வருஷமா ஆய்வு வேலையில இருக்கேன். இந்த ஊரே கல்பிக்குப் பேர்போனது, ஆனா அது மாட்டு விலா. பன்றி விலாவை த்வேஜி கல்பின்னு சொல்வாங்க, அதுக்கு சியோல்ல மாபோ பகுதி பிரபலம். ‘கல்பி’ன்னாலே விலா, ‘த்வேஜி’ன்னா பன்றி. அவ்ளோதான் பேரு.

அண்ணா, நீங்க ரெண்டு நாட்டுச் சமையலை ஒரே தட்டுல போட்டுட்டீங்க. முழு விலாவை அடுப்புல வச்சு மணிக்கணக்கா வேகவிட்டு, கடைசியில இனிப்புச் சாஸ் பூசுறது அமெரிக்க வழக்கம். அதுல சாஸ் மட்டும் கொச்சுஜாங்கா மாறினா வலைத்தளங்கள் அதைக் ‘கொரியன் ரிப்ஸ்’னு எழுதுது. தப்பில்ல, ருசியாத்தான் இருக்கும். ஆனா த்வேஜி கல்பி வேற சாதி. அதுல கறியை வேகவைக்கிறதே இல்ல, விரிக்கிறாங்க. ஒவ்வொரு எலும்பாப் பிரிச்சு, எலும்பை ஒட்டியிருக்குற கறியைக் கத்தியால பாய் விரிக்கிற மாதிரி அரை சென்டிமீட்டர் தடிமனுக்குத் திறந்துடுவாங்க. எலும்பு ஒரு ஓரத்துல கைப்பிடி மாதிரி தொங்கும், கறி நீளமா நாக்கு மாதிரி வரும். அதை ஊறவச்சு, கரி நெருப்புல கம்பிவலை மேல ஏழெட்டு நிமிஷம் சுட்டா முடிஞ்சது. அவ்ளோ மெல்லிசா இருக்குறதாலதான் வெளியில கருகுறதுக்குள்ள உள்ள வெந்துடும்.

இன்னொண்ணு. பாரம்பரிய த்வேஜி கல்பியில கொச்சுஜாங்கே கிடையாது. அது சோயா, பூண்டு, பேரிக்காய், சர்க்கரை. பழுப்பு நிறம். சிவப்புல வர்றது காரமான வகை, அது தனி.

மாடிவீட்டு அடுப்பு, ஞாயிறு காலை 8.05

அட! கொச்சுஜாங் இல்லையா? அந்த டப்பா வாங்குறதுக்குத்தான் ஒரு வாரம் காத்திருந்தேனுங்க.

எண்ணெய்ச்சட்டி, ஞாயிறு காலை 8.09

கொச்சுன்னா மலையாளத்துல சின்னது. செலவு மட்டும் பெருசு போல.

சூவோன் குளிர், ஞாயிறு காலை 8.30

இங்க கொச்சுன்னா மிளகாய், ஜாங்னா புளிக்கவச்ச விழுது. மிளகாய்த்தூள், ஒட்டரிசி, செங்கல் மாதிரி கட்டி பிடிச்சுப் புளிக்கவச்ச சோயாவோட தூள், உப்பு எல்லாம் சேர்த்து மாசக்கணக்குல ஜாடியில வைப்பாங்க. சுன்சாங்ங்கிற ஊரு அதுக்குப் பேர்போனது. நம்ம ஊறுகாய்க்கு ஆந்திரா மாதிரி.

டப்பா வீணாகாது அண்ணா. கறியைச் சுத்திச் சாப்பிட ஸாம்ஜாங்னு ஒரு தொட்டுக்கை உண்டு, அதுல கொச்சுஜாங்கும் சேரும். பிறகு சொல்றேன்.

அன்சான் ரிட்டர்ன் (வவுனியா), ஞாயிறு காலை 9.40

சூவோன் தம்பி சொல்லுறது சரி. நான் அன்சான்ல ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில நாலு வருசம் பத்து மாசம் வேலை செய்தனான், விசாக்கணக்கு அவ்வளவுதான். சம்பளம் வந்த கிழமை எங்கட மனேஜர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போவார், அதை ஹ்வேசிக் எண்டு சொல்லுவினம். பத்துத் தரம் போனால் ஒன்பது தரம் பன்றிதான், மாடு விலை கூட.

முதல் நாள் நான் இறைச்சியை வலையில போட்டிட்டு, எங்கட ஊரில கோழி சுடுற மாதிரி ஒரு பக்கம் நல்லா வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். கடைக்கார அம்மா ஓடி வந்து என்ர கையில இருந்த இடுக்கியைப் பறிச்சுப் போட்டா. அரை நிமிசத்துக்கு ஒருக்கா பிரட்டிப் பிரட்டிப் போட்டா. பிறகு பெரிய கத்தரிக்கோலை எடுத்து வலைக்கு மேலயே வைச்சுக் கறுக் கறுக்கெண்டு வாய்க்கு அளவா வெட்டினா. எலும்போட இருக்கிற துண்டை மட்டும் வலையின்ர கரையில ஒதுக்கி வைச்சா. அது கடைசியா வேகும், கையால பிடிச்சுக் கடிக்கிறது. அந்தத் துண்டு ஆருக்கெண்டு மேசையில ஒரு சின்னச் சண்டை எப்பவும் வரும்.

சீனி போட்ட இறைச்சியெண்டபடியால் வலை கெதியா கறுக்கும். கறுத்த உடனே வலையையே மாத்துவினம், ஒரு சாப்பாட்டுக்கு மூண்டு வலை கூடப் போகும். உங்கட வீட்டில ஒரு வலைதான் இருக்கெண்டால் நடுவில ஒருக்கா கழட்டித் தேய்க்க வேணும். அந்தக் கரி இறைச்சியில ஒட்டினால் கைக்கும்.

தோபாயோ அத்தை, ஞாயிறு காலை 10.12

நல்லாத்தான் சொல்றீங்க ரெண்டு பேரும். ஆனா கோயம்புத்தூர்ல எந்தக் கறிக்கடைக்காரர் எலும்பை நாக்கு மாதிரி விரிச்சுத் தருவார்? எனக்கே இங்க கொரியக் கடையில வெட்டி வச்சதை வாங்கினாத்தான் உண்டு. வீட்டுல சமைக்கிறவங்களுக்கு வேகவச்சு சுடுறதுதான் கைக்கு அடங்குற முறை. பாரம்பரியம் பாரம்பரியம்னு சொல்லிப் பிள்ளைங்க பட்டினி கிடக்கணுமா?

குன்னூர் மழை (நீலகிரி), ஞாயிறு காலை 10.50

கடையைப் பத்தி நான் சொல்றேன், வாரம் ஒருமுறை பன்றி வாங்குற வீடு எங்களுது.

நம்ம பக்கத்துக் கடைங்கள்ல பெரிய சிக்கல், விலாவுல இருக்குற கறியை முன்னாடியே உருவி எலும்பில்லாத கறியா வித்துடுவாங்க. மிச்சம் கிடைக்கிறது எலும்பும் ஜவ்வும். அதை வாங்கி எத்தனை விசில் விட்டாலும் சூப்புதான் வரும். அதனால காலையில ஏழு மணிக்குள்ள போங்க, அறுக்கும்போதே சொல்லணும்: "முன் பக்கத்து விலா வேணும், தோள் பக்கம், கறியை உருவாம." முன்பக்க விலாவுலதான் சதை கெட்டியா இருக்கும், நடுவுல கொழுப்பும் ஓடியிருக்கும். முதுகை ஒட்டின விலா பார்க்க அழகா வளைஞ்சு இருக்கும், விரிக்க அதுல சதை பத்தாது.

கிலோவுக்கு எத்தனை பேர்னு கணக்குப் போடும்போது பாதி எலும்புன்னு நினைச்சுக்கோங்க.

அப்புறம் மஞ்சள்தூள் போட்டுக் கழுவுறவங்க, இந்த ஒரு நாளைக்கு வேண்டாம். பச்சைத் தண்ணியும் பொறுமையும் போதும்.

சூவோன் குளிர், ஞாயிறு காலை 11.30

அத்தை, கோவிச்சுக்காதீங்க :) வேகவச்சுப் பண்றதும் கொரியாவுல உண்டு, அதுக்குப் பேரு கல்பி ஜிம். ஆனா அதை அப்புறம் சுட மாட்டாங்க, சாறோட குழம்பாவே கேரட், முள்ளங்கி, உருளைக்கிழங்கு போட்டு வத்தவிடுவாங்க. பெருநாளுக்கு மாட்டு விலாவுல பண்றதுதான் பெருமை, சாதாரண நாள்ல பன்றியில.

விரிக்கிற வேலையை நாமளே பண்ணலாம். கஷ்டம் இல்ல, ஆனா முதல் ரெண்டு எலும்பு கண்டிப்பா கிழியும். அதுக்கு மனசைத் தயார் பண்ணிக்கணும்.

விலாவை எலும்புக்கு எலும்பு பிரிச்சு வாங்குங்க, ஒவ்வொண்ணும் மூணு விரக்கடை நீளம் இருந்தாப் போதும். உள்பக்கம் எலும்பு மேல வெள்ளையா ஒரு ஜவ்வு இருக்கும், அதைக் கத்தி முனையால ஒரு ஓரத்துல கிளப்பி, துணியால பிடிச்சு ஒரே இழுப்பு. இல்லைன்னா நெருப்புல அது சுருங்கி மொத்தத் துண்டும் கிண்ணம் மாதிரி வளைஞ்சுடும். கறியை அரை மணி நேரம் ஃபிரீசர்ல வச்சுட்டு எடுங்க, லேசா விறைச்சிருந்தாதான் கத்தி சொன்ன பேச்சு கேக்கும். இப்போ எலும்பு பலகையில படுத்திருக்கணும், கறி மேல. எலும்புக்கும் கறிக்கும் நடுவுல கத்தியைக் கிடையா விட்டு, எலும்பை உரசிக்கிட்டே போங்க. அடுத்த ஓரம் வரைக்கும் போகாதீங்க, கால் இஞ்ச் முன்னாடி நிறுத்தணும். அந்தக் கால் இஞ்ச்தான் கீல். புத்தகத்தைத் திறக்கிற மாதிரி கறியைத் திறந்து போடுங்க. இன்னும் தடிமனா இருக்கும். அந்தத் தடிமனுக்கு நடுவுல மறுபடி கிடையாக் கத்தி, மறுபடி ஓரத்துல நிறுத்தம், மறுபடி திறப்பு. ரெண்டு மூணு திறப்புல பாய் விரிஞ்சுடும். கடைசியா மேல சாய்வாட்டமா லேசான கீறல், ஒரு சென்டிமீட்டருக்கு ஒண்ணு. திருப்பி எதிர்ச் சாய்வுல கீறல். கீறல் பாதி ஆழத்துக்கு மேல போனா சுடும்போது அறுந்து நெருப்புல விழும்.

பயமா இருந்தா இன்னொரு வழி, கழுத்துக்கறியை எலும்பில்லாம அரை சென்டிமீட்டர் வில்லைகளா வெட்டுங்க. இங்க கடைகள்லயே விலாவோட மோக்சல்னு கழுத்துக்கறி கலந்துதான் பாதி இடத்துல வருது.

தோபாயோ அத்தை, ஞாயிறு காலை 11.44

இவ்ளோ விவரமா எழுதியிருக்கியேப்பா. சரி, நானும் ஒரு தடவை முயற்சி பண்றேன். ஆனா 45 நிமிஷ முறையை விட மாட்டேன்.

பப்பாளிக்காய் (தஞ்சாவூர்), ஞாயிறு பகல் 12.20

கடைசியா வந்தாலும் ஒரு விஷயம் சொல்லியாகணும், நான் உணவு வேதியியல் பாடம் எடுக்கிறவள்.

"சூடு அதிகமா, நேரம் பத்தலையா, ரெண்டும் ஒண்ணா எப்படி"ன்னு கேட்டிருந்தார். ரெண்டும்தான். விலா அதிகமா அசையுற இடம், அதுல கொலாஜன்ங்கிற இணைப்புத்திசு நிறைய. அது 70 டிகிரிக்கு மேல மெதுமெதுவாத்தான் ஜெலட்டினா இளகும். கறி உள்ளுக்குள்ள 90 டிகிரிக்குப் பக்கம் போய் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தாத்தான் அத்தை சொல்ற பஞ்சுப் பதம். அதே சமயம் தேனும் நாட்டுச்சர்க்கரையும் 160 டிகிரிக்கு முன்னாடியே நிறம் மாற ஆரம்பிச்சுடும், 220ல கேக்கவே வேண்டாம். ஆக உள்ளுக்குத் தேவையான நேரத்தை வெளிப்பூச்சு தாங்காது. வழி ரெண்டே ரெண்டு: பூச்சைக் கடைசிக்குத் தள்ளணும் (அத்தை), இல்ல கறியை மெல்லிசாக்கணும் (சூவோன்). மெல்லிசா வெட்டினாலும் கொலாஜன் இளகாது, ஆனா நார் குட்டை குட்டையா அறுபடுறதால பல்லுக்குத் தெரியாது.

எந்த முறையானாலும் பன்றியில உள்ள இளஞ்சிவப்பு இருக்க வேண்டாம். வெளிநாட்டுல 63 டிகிரியும் மூணு நிமிஷ ஓய்வும் போதும்ங்கிறாங்க. நம்ம ஊர்ல நாடாப்புழு பயம் இருக்குறதால நான் 71க்குக் கீழ எடுக்க மாட்டேன். முழு விலாவுல எலும்புப் பக்கம் வெப்பமானியைக் குத்திப் பாருங்க, ஆனா எலும்பைத் தொடக்கூடாது, தப்புக் கணக்கு காட்டும்.

பேரிக்காய் ஏன்னா, அதுல புரதத்தை நறுக்குற நொதி இருக்கு. கொரியப் பேரிக்காய் சாறு நிறைஞ்சது, மென்மையாத்தான் வேலை செய்யும். அது கிடைக்கலைன்னு யாரும் அன்னாசியோ பப்பாளிக்காயோ கிவியோ போட்டு ராத்திரி முழுக்க வச்சிடாதீங்க. நான் ஒரு தடவை பச்சைப் பப்பாளி ரெண்டு கரண்டி அரைச்சுப் போட்டு மறுநாள் எடுத்தேன். கறி மேல விரலை வச்சா விரல் உள்ள போச்சு, பூரிக்கட்டைக்கு அடியில வச்ச வாழைப்பழம் மாதிரி. என் பேரு அன்னிக்கு வந்ததுதான். அன்னாசி போட்டே ஆகணும்னா ஒரு கரண்டி, அரை மணி நேரம், அவ்ளோதான். டப்பா அன்னாசி வேலைக்கு ஆகாது, அதைச் சூடாக்கி அடைக்கிறதால நொதி செத்துடும்.

மாடிவீட்டு அடுப்பு, ஞாயிறு பகல் 1.15

டீச்சரம்மாவுக்குக் கோடி நன்றி. இப்பத்தான் புரியுது. அடுத்த சனிக்கிழமை மறுபடி இறங்குறேன். ஊறவைக்கிற அளவு யாராச்சும் சொல்லுங்க. எங்க ஊர்ல நாட்டுப் பேரிக்காய் கிடைக்கும், ஊட்டியில இருந்து வர்ற கெட்டிக்காய். ஆகுமா?

சூவோன் குளிர், ஞாயிறு மாலை 4.45

ஆகும், பழுத்ததாப் பாத்து எடுங்க. இல்லைன்னா பாதி ஆப்பிள் சேர்த்துக்கோங்க, இனிப்புக்கு.

விரிச்ச கறி ஒரு கிலோவுக்கு: சோயா சாஸ் 100 மில்லி, தண்ணி 120 மில்லி, சர்க்கரை 3 மேசைக்கரண்டி, தேன் 2 (இங்க முல்யொத்னு ஒரு பாகு ஊத்துவாங்க, தேனே போதும்), நசுக்கின பூண்டு 2 மேசைக்கரண்டி, இஞ்சிச் சாறு 1 தேக்கரண்டி, துருவின பேரிக்காய் பாதி, துருவின வெங்காயம் பாதி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி. வீட்டுல சோஜுவோ ஏதாவது அரிசி ஒயினோ இருந்தா 3 மேசைக்கரண்டி, இல்லைன்னா விட்டுடுங்க. நல்லெண்ணெய் 1 மேசைக்கரண்டி, ஆனா கவனம்: இங்க வறுத்த எள்ளுல ஆட்டின எண்ணெய், வாசனை பலமா இருக்கும். நம்ம செக்கு நல்லெண்ணெய் வேற வாசனை. நான் ஊருக்கு வரும்போது ரெண்டு கரண்டி எள்ளை வறுத்துப் பொடிச்சு நம்ம எண்ணெயோட சேர்ப்பேன், கிட்டத்தட்ட வந்துடும்.

தண்ணியைப் பாத்துப் பயப்படாதீங்க. கறி சாறுல முங்கி இருக்கணும், தடவுற சமாச்சாரம் இல்ல. எண்ணெயைக் கடைசியா ஊத்துங்க, முதல்ல ஊத்தினா சாறு உள்ள இறங்காது. நாலு மணி நேரம் முதல் ஒரு ராத்திரி.

முக்கியமான விஷயம் சோயா. நம்ம ஊரு கடையில ‘டார்க் சோயா’ன்னு கெட்டியாக் கறுப்பா ஒரு பாட்டில் இருக்கும், ஃபிரைட் ரைஸுக்கு ஊத்துறது. அதுல நிறத்துக்குக் கருக்கின சர்க்கரை கலந்திருக்கும். அண்ணா போட்டது அதுதான்னு என் சந்தேகம். லேசான சோயா வாங்குங்க.

மாடிவீட்டு அடுப்பு, ஞாயிறு மாலை 5.02

அதேதானுங்க. பாட்டிலைத் திருப்பிப் பாத்தேன். டார்க்.

மெரினா காத்து (சென்னை), ஞாயிறு இரவு 8.30

சென்னைக்காரங்க யாராச்சும் இருந்தா: இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் ஆலை வந்ததுல இருந்து இங்க கொரியக் குடும்பங்கள் நிறைய, அவங்களுக்கான மளிகைக் கடைகளும் இருக்கு. லேசான சோயா, ஸாம்ஜாங், வறுத்த எள் எண்ணெய் எல்லாம் ஒரே இடத்துல வாங்கலாம். நான் கேக்க வந்தது வேற. சுத்திச் சாப்பிட அந்தக் கேன்னிப் (பெரில்லா) இலை கிடைக்கலை. வெற்றிலையில மடிச்சா என்ன?

அன்சான் ரிட்டர்ன், ஞாயிறு இரவு 8.52

நான் செய்து பாத்தனான். வேண்டாம். வாயெல்லாம் வெற்றிலைதான் நிக்கும், இறைச்சி எங்கயெண்டு தேட வேணும். சலாது இலை (உங்கட ஊரில லெட்டூஸ்) போதும். உள்ளங்கையில இலை, அதில ஒரு துண்டு இறைச்சி, ஒரு சீவல் பச்சைப் பூண்டு, பச்சை மிளகாய், கொஞ்சம் ஸாம்ஜாங், விருப்பமெண்டால் சோறு. மடிச்சு ஒரே வாயில போட வேணும். பாதி கடிச்சிட்டு மிச்சத்தைத் தட்டில வைச்சால் சிரிப்பினம்.

அங்க கடையில பரிமாறுற அம்மாவை இமோ எண்டு கூப்பிடுவினம். இமோ எண்டால் அம்மாவின்ர சகோதரி. நான் மனசுக்குள்ள சித்தி எண்டு கூப்பிடுவன்.

மெரினா காத்து, ஞாயிறு இரவு 9.05

அவங்களும் அப்பாவை அப்பான்னுதான் கூப்பிடுறாங்க! வான்னா ‘வா’! தமிழும் கொரியனும் ஒரே குடும்பம்னு...

மட்டுறுத்துநர், ஞாயிறு இரவு 9.11

மொழிப் பகுதியில இதுக்கு ஏற்கெனவே 400 பதிவு ஓடுற இழை இருக்கு, அங்க போய் அடிச்சுக்கோங்க. இங்க விலா மட்டும். மொழியியலாளர்கள் ஏத்துக்கலைன்னு அங்கயே பத்துத் தடவை சொல்லியாச்சு.

இன்னொண்ணு, வீட்டுக்குள்ள கரி அடுப்பு யாரும் பத்த வைக்காதீங்க. அங்க கடைகள்ல ஒவ்வொரு மேசைக்கு மேலயும் புகையை உறிஞ்சுற குழாய் தொங்கும். கதவடைச்ச பால்கனியில கரி எரிச்சா வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மொட்டை மாடி, இல்லைன்னா கேஸ்ல இரும்புத் தவா.

குன்னூர் மழை, ஞாயிறு இரவு 9.40

தவாவுல பண்றவங்களுக்கு: சாறை வடிச்சுட்டுப் போடுங்க, இல்லைன்னா சுடாது, வேகும். ரெண்டு துண்டுக்கு மேல ஒரே நேரத்துல போடாதீங்க. வடிச்ச சாறு பச்சைக்கறி ஊறினது, அப்படியே மேல ஊத்தக் கூடாது. தனியா அஞ்சு நிமிஷம் கொதிக்கவிட்டுப் பாகு பதத்துல கடைசி நிமிஷம் தடவலாம்.

சூவோன் குளிர், திங்கள் காலை 6.55

ஸாம்ஜாங் சொல்றேன்னு சொன்னேனே. தென்ஜாங் (சோயா விழுது) ரெண்டு பங்கு, கொச்சுஜாங் ஒரு பங்கு, நசுக்கின பூண்டு, பொடியா நறுக்கின வெங்காயத்தாள், எள், நல்லெண்ணெய், துளி தேன். தென்ஜாங் கிடைக்கலைன்னா ஜப்பானிய மிசோ. அதுவும் இல்லைன்னா கொச்சுஜாங்கை மட்டும் எள்ளெண்ணெயும் பூண்டும் போட்டுக் குழைங்க, அண்ணாவோட டப்பாவுக்கு விமோசனம். வெங்காயத்தாளை நூல் மாதிரி கிழிச்சு ஐஸ் தண்ணியில போட்டு, வினிகர், மிளகாய்த்தூள், சோயா, சர்க்கரையில பிரட்டி வச்சா கொழுப்புக்கு நல்ல எதிரி.

மாடிவீட்டு அடுப்பு, அடுத்த ஞாயிறு பகல் 11.20

வந்துட்டேனுங்க.

வெள்ளிக்கிழமை காலையில ஏழுக்கே கடைக்குப் போயிட்டேன். முன்பக்க விலா, கறியை உருவாமன்னு சொன்னதும் கடைக்கார அண்ணன் ஏற இறங்கப் பாத்தாரு. ஃபோன்ல படம் காட்டுனேன். "இதென்ன, துணிக்கடையில சேலை விரிக்கிற மாதிரி"ன்னு சிரிச்சுட்டு, எலும்பு எலும்பாப் பிரிச்சு மட்டும் குடுத்தாரு. விரிக்கிறது நம்ம பாடு.

சூவோன் தம்பி சொன்ன மாதிரி முதல் ரெண்டு கிழிஞ்சுது. மூணாவதுல அந்தக் கால் இஞ்ச் கீல்ல கத்தியை நிறுத்துனேன் பாருங்க, கறி அப்படியே மடிப்பு மடிப்பாத் திறந்து பலகையைத் தாண்டித் தொங்குச்சு. வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுனேன். பதினோரு எலும்புல ஏழு உருப்படி. கிழிஞ்சதையும் சேர்த்தே ஊறவச்சேன்.

காங்கேயத்துல இருந்து தேங்காத்தொட்டிக் கரி ஒரு மூட்டை மச்சான் குடுத்தது இருந்துச்சு. சனிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடி. முதல் துண்டை வடிக்காமப் போட்டு, சாறு சொட்டி, நெருப்பு முகத்துக்கு எழும்புச்சு. அடுத்ததுல இருந்து வடிச்சோம். அரை நிமிஷத்துக்கு ஒரு பிரட்டு. நாலாவது நிமிஷம் ஓரத்துல சர்க்கரை லேசா நுரைச்சு, பழுப்பு மினுமினுன்னு ஏறுச்சு, அந்த வாசனைக்கு நாய் ரெண்டு கீழ வந்து நின்னுச்சு. கத்தரிக்கோலைப் பையன் பிடுங்கிக்கிட்டான், யாருக்கும் தரல. எலும்புத் துண்டுக்குச் சண்டை வந்தது நெசந்தான், வவுனியா அண்ணே.

குறையும் சொல்லோணும். உப்பு ஒரு சிட்டிகை அதிகம், ராத்திரி முழுக்க ஊறினதால. அடுத்த தடவை ஆறு மணி நேரத்தோட நிறுத்திக்குவேன். வலையை நடுவுல தேய்க்க மறந்து கடைசி ரெண்டு துண்டு கைச்சுது.

மேல்வீட்டம்மா மறுபடி இறங்கி வந்தாங்க. இந்தத் தடவை கையில தட்டு.

எண்ணெய்ச்சட்டி, அடுத்த ஞாயிறு பகல் 11.41

ஒண்ணு கேக்கலாமா? அந்த ஊறவச்ச சாறுல மிளகு தூக்கலாப் போட்டு, சர்க்கரையைக் குறைச்சு, கறிவேப்பிலை...

தோபாயோ அத்தை, அடுத்த ஞாயிறு பகல் 11.45

வந்துட்டாருய்யா. :)

மாடிவீட்டு அடுப்பு, அடுத்த ஞாயிறு மாலை 6.10

போட்டுப் பாருங்ணா, பாத்துட்டு இங்கயே எழுதுங்க.

மத்தியானம் முட்டை வாங்கப் போனப்ப கறிக்கடை அண்ணன் கூப்பிட்டாரு. என்னாச்சுன்னு கேட்டாரு, சொன்னேன். ஒரு எலும்பை எடுத்து நான் காட்டுன படத்தை ஞாபகம் வச்சு அவரே கத்தியை விட்டாரு. ஒரே தடவையில, ஒரு கிழிசல் இல்லாம, என் ஏழு எலும்பையும் வெக்கப்பட வைக்கிற மாதிரி விரிஞ்சுது. "அடுத்த வாரம் இப்படியே பண்ணித் தரவா? விரிப்புக்கூலி தனிங்க"ன்னாரு.